டெல்டாவில் வேளாண்மை படிக்கப் போகிறவர்களுக்கு: எந்தப் படிப்பு எந்த வயலிலிருந்து வந்தது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஆறரைக்கே மன்னார்குடியிலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, பாப்பாவுக்கு டாக்டர் சீட்டு வராது போல இருக்கு, பேசாம அக்ரி போட்டுடலாமா?" என்றாள். சரி, போடலாம், ஆனால் அக்ரியில் எது என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அக்ரின்னா அக்ரிதானேப்பா" என்றாள். இந்தப் பேச்சு என் வீட்டில் மட்டும் நடப்பதில்லை, ஒவ்வொரு மே மாதமும் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. நான் வேளாண்மை படித்து முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, விதைத் தொழிலில் இருக்கிறேன். அந்த ஒரு போனுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அக்ரி என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதற்குள்ளே பத்துப் பன்னிரண்டு படிப்புகள் இருக்கின்றன. பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டுவளர்ப்பு, உணவு ஊட்டச்சத்து, வேளாண் வணிக மேலாண்மை ஒரு பக்கம், பி.டெக். வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம், உயிர்த்தொழில்நுட்பம் இன்னொரு பக்கம். கால்நடை மருத்துவமும் மீன்வளமும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களின் கீழே. நுழையும் வழியும் வேறு, நான்கு வருடம் கழித்துத் திறக்கும் கதவும் வேறு. பெற்றோர் கல்லூரி பெயரையும் கட்-ஆஃபையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் சொல்வது வேறு கணக்கு. இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வயல் பிரச்சினைக்கு விடை தேடப் போய் உண்டானவை, அதிலும் பல பிரச்சினைகள் நம்ம டெல்டாவின் சொந்தப் பிரச்சினைகள். எந்தப் பிரச்சினை உன்னை உட்கார விடாமல் பண்ணுகிறதோ அந்தப் படிப்பை எடு என்றுதான் அக்கா மகளிடமும் சொன்னேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம். தமிழ்நாட்டில் வேளாண்மைக் கல்வி 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியாகத் தொடங்கியது. 1906-ல் அது கோயம்புத்தூருக்குப் போனது, 1920-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. அதனால்தான் இன்றைக்கும் ஊரில் "கோயமுத்தூர் அக்ரி" என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய தஞ்சாவூரில் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரி வருவதற்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஒரத்தநாடு பக்கம் ஈச்சங்கோட்டையில். அதுவரை டெல்டாப் பிள்ளைகளுக்கு வடக்கே கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மேற்கே போனால் திருச்சி நாவலூர் குட்டப்பட்டு, இல்லாவிட்டால் கோவைக்கு ராத்திரி ரயில்.

கல்லூரிதான் தாமதமாக வந்தது, ஆராய்ச்சி வெகு முன்பே வந்துவிட்டது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922-ல். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் அந்த வேலியைத் தாண்டிப் போகாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்களும் குறைவு. ஏடிடி 36, 37, 43, 45 என்று நம்ம அப்பாக்கள் நாற்று விட்ட ரகங்களின் ஏடிடி என்ற மூன்றெழுத்தே ஆடுதுறைதான். இதில் ஏடிடி 27-இன் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஒரு வயல் பிரச்சினை எப்படி ஒரு படிப்பாக மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1960-இல் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண் திட்டம் வந்தது, பெரியவர்கள் பேக்கேஜ் திட்டம் என்பார்கள். அந்தக் காலகட்டத்தின் நடுவில், நம்ம நாட்டு நெல்லையும் ஜப்பான் நெல்லையும் ஒட்டுக்கட்டி வந்த குறுகிய கால ரகம் ஏடிடி 27. குறுவைக்கு, அதாவது சம்பாவுக்கு முந்தைய குறுகிய நெல் பருவத்துக்கு, ஏற்ற வயது, கூடுதல் விளைச்சல், ஊர் ஊராகப் பரவியது.

விளைந்தது சரி, அறுவடை எப்போது? ஐப்பசி அடைமழை தொடங்குகிற நேரத்தில். களத்தில் போட்டால் காயாது, குவித்து வைத்தால் சூடேறி முளைவிடும், அரிசி பழுப்பாகும். சம்பா மட்டும் விளைந்த காலத்தில் தை மாத வெயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது, குறுவை பெருகியதும் ஈர நெல் ஒரு பெரிய தலைவலியாக வந்து நின்றது. 1967-ல் திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலையை ஒட்டி ஒரு சின்ன ஆய்வுக்கூடம் உண்டானது இந்தச் சூழ்நிலையில்தான். அது நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம் மாறி, பேர் இரண்டு மூன்று தடவை மாறி, இன்றைக்குப் புதுக்கோட்டை சாலையில் நிஃப்டெம் தஞ்சாவூர் என்ற பேரில், உணவுத் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக நிற்கிறது, 2021-ல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. அங்கே பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் சொல்லித்தருகிறார்கள், ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வழியாக இடம். வட இந்தியாவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒரு இடம் தஞ்சாவூரில் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களும் அது ஏதோ பிஸ்கட் கம்பெனிப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று மூட்டையைத் திருப்பி அனுப்பியதால் மழையில் தார்ப்பாயோடு நாலு நாள் காத்துக்கிடந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் படிப்பு யாரும் விளக்கிச் சொல்லாமலே புரியும். வரம்பை 22 சதவீதமாகத் தளர்த்தச் சொல்லி மழை வருடங்களில் மனு கொடுக்கிறோம், அது வேண்டியதுதான், நெல்லைக் காயவைக்கும் வழியைக் கிராமத்துக்குக் கொண்டுவரும் வேலையும் அதோடு சேர்ந்து நடக்க வேண்டும். அதற்கு அந்தப் படிப்பு படித்தவர்கள் நம்ம ஊரிலிருந்தே வர வேண்டும்.

கல்லூரிகள் அமைந்த மண்ணையும் பார்க்க வேண்டும். நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் பெயரில் இருக்கும் கல்லூரியின் நிலம் களர் நிலம். சோடியம் ஏறி, காரத்தன்மை கூடி, மழை பெய்தால் கஞ்சி மாதிரி, காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிற மண். அந்த மண்ணிலேயே நின்று தேர்ந்தெடுத்த நெல் ரகங்கள்தான் டிஆர்ஒய் 1, 2, 3 எல்லாம். அங்கே படிக்கிற பிள்ளை ஜிப்சம் போட்டு, தண்ணீர் தேக்கி, வடித்து மண்ணைத் திருத்துவதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே காலால் மிதித்துப் பார்த்துவிடும். ஈச்சங்கோட்டை புதாற்றுப் பக்கம். கல்லணைக் கால்வாய் பாயும் மேட்டுச் செம்மண் பகுதி, நெல்லோடு தென்னை, கடலை, கரும்பு எல்லாம் கலந்து நிற்கும், கஜா புயல் 2018 நவம்பரில் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்ட பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக்கும் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கும் அது கிட்டே. இந்தக் கல்லூரிக்கு எம்.எஸ். சுவாமிநாதன் பெயரை வைப்பதாக 2023-ல் அரசு அறிவித்தது. கீழ்வேளூரில் 2021 அறிவிப்புக்குப் பிறகு வந்த கல்லூரி அசல் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் கடைசியாக வந்து சேர்கிற இடம், வெள்ளம் வந்தால் கடைசியாக வடிகிற இடம், கிழக்கே கடல் உப்பு. மூன்றும் வேளாண்மைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள்தான், பாடத்திட்டம் ஒன்றுதான், ஆனால் பிராக்டிகலில் கையில் ஒட்டுகிற மண் வேறு. "எந்தக் காலேஜ் பெஸ்ட்" என்று கேட்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

சரி, பி.எஸ்சி. வேளாண்மையில் நான்கு வருடம் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? உழவியல், மண்ணியல், பயிர் மரபியல், பூச்சியியல், நோயியல், விதை அறிவியல், வேளாண் பொருளியல், விரிவாக்கம் (ஆராய்ச்சியில் கண்டதை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் வேலை), நுண்ணுயிரியல், வானிலை என்று எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம். முதல் வருடத்தில் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், எதிலும் ஆழம் இல்லையே என்று. அந்த அகலம்தான் இந்தப் படிப்பின் பலம் என்று எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ஒரு உதாரணம் சொல்கிறேன். சிஆர் 1009 என்று ஒரு நீண்ட கால ரகம், சம்பாவுக்கு, பொன்மணி என்றும் சொல்வார்கள், டெல்டாவுக்கு அது வீட்டுப் பிள்ளை மாதிரி. கார்த்திகை மழையில் பயிர் ஒரு வாரம் பத்து நாள் மூழ்கினால் அழுகிப் போகும். மூழ்கும்போது சாதாரண நெல் என்ன செய்யும் என்றால், மேலே வர வேண்டும் என்று தவித்து, இருக்கிற சக்தியை எல்லாம் செலவழித்து நீண்டு வளரும், தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப் 1 என்ற மரபணு உள்ள நெல் வளர்ச்சியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், தண்ணீர் வடிந்ததும் எழுந்து துளிர்க்கும். இந்த மரபணுவைச் சேர்த்ததுதான் சிஆர் 1009 சப் 1. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய மரபியலும் பயிர் வினையியலும் வேண்டும், எந்த வயலில் விட வேண்டும் என்று சொல்ல உழவியலும் வானிலையும் வேண்டும், பழைய ரகத்தை விட மனசில்லாத பெரியவரிடம் அதைப் பேசி ஒப்புக்கொள்ள வைக்க விரிவாக்கம் வேண்டும். இத்தனையும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த நான்கு வருடம்.

இறுதி ஆண்டில் கிராமத் தங்கல் என்று ஒன்று உண்டு, ஊரக வேளாண் பணி அனுபவம் என்பது அதன் முழுப் பெயர். மாணவர்களைக் குழுவாகப் பிரித்து ஒரு வட்டாரத்துக்கு அனுப்புவார்கள், விவசாயிகளோடு இருந்து வேலை கற்றுக்கொண்டு, தெரிந்ததைச் செய்து காட்ட வேண்டும். செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தில் "வேளாண் மாணவிகள் செயல் விளக்கம்" என்று ஒரு போட்டோ வருமே, அது இதுதான். நான் குத்தாலம் பக்கம் ஒரு ஊரில் இருந்தேன். முதல் செயல் விளக்கம், உப்புக் கரைசலில் விதை தேர்வு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், அதில் ஒரு கோழி முட்டை, முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க மெல்ல எழும்பி, அதன் முதுகு ஒரு நாலணாக் காசு அளவுக்கு மேலே தெரியும்போது நிறுத்த வேண்டும், ஒரு கிலோவுக்கு மேல் உப்பு போயிருக்கும். அப்புறம் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை நெல்லும் மிதக்கும், கனத்த மணி மட்டும் தங்கும். மிதந்ததை அரித்து எடுத்துவிட்டு, தங்கிய விதையை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் முளைப்பு கெடும். எல்லாம் சரியாகச் செய்தேன், பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒரு பெரியவர் கேட்டார், "தம்பி, எல்லாம் சரி. இந்த உப்புத் தண்ணிய எங்க கொட்டுறது? வாய்க்கால்ல கொட்டினா கீழ உள்ளவன் நாத்தங்காலுக்குப் போவுமே."

என் ரெக்கார்டு நோட்டில் அதற்கு விடை கிடையாது. ஒரு வாளிக்குப் பெரிய கேடு ஒன்றும் வராது, அதே கரைசலில் அடுத்தடுத்து விதையைப் போட்டு எடுக்கலாம், மிச்சத்தை வயலுக்குப் போகாத மேட்டுப் பக்கம் ஊற்றலாம் என்று அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்து, மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு மோர் கொடுத்தார். ஒரு தொழில்நுட்பம் தெருவுக்குள் வந்தால் அது யார் வாய்க்கால் வழியாக எங்கே போகும் என்று யோசிக்கிற பழக்கத்தை அந்த மனிதர்தான் எனக்குக் கொடுத்தார், இன்றைக்கு விதை விற்கும்போதும் அது கூடவே வருகிறது.

விரிவாக்கம் என்ற பாடத்தை மாணவர்கள் மார்க் வாங்க எளிதானது என்று ஒதுக்குவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒற்றை நாற்று நடவை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு நாள் இளம் நாற்று, சதுரமாக இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக நடவு, கோனோ வீடர் ஓட்டிக் களையெடுப்பு, காயவிட்டுப் பாய்ச்சும் தண்ணீர். விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், தூர் அதிகம். அறிவியல் படி குறை சொல்ல முடியாது. ஆனாலும் எத்தனை வயலில் அது அப்படியே தங்கியிருக்கிறது? முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வாய்க்காலில் காயவிட்டுப் பாய்ச்சுவது ஒருவர் கையில் இல்லை. நடவு செய்யும் பெண்கள் காலம் காலமாகக் குத்தாக நட்டுப் பழகியவர்கள், கயிறு பிடித்து நடச் சொன்னால் அதே கூலிக்கு இரண்டு மடங்கு நேரம். பதினான்காம் நாள் தண்ணீர் வராவிட்டால் நாற்று வயதாகிவிடும். இவ்வளவையும் கணக்கில் எடுத்து ஒரு தொழில்நுட்பத்தை மாற்றி அமைப்பது மரபணு ஆராய்ச்சிக்கு எந்த விதத்திலும் குறைந்த வேலை இல்லை.

அடுத்து வேளாண் பொறியியல். இதில்தான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.டெக். வேளாண் பொறியியலை லால்குடி பக்கம் குமுளூரில் படிக்கலாம். தனியார் பொறியியல் கல்லூரிகளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழே பி.இ. வேளாண் பொறியியல் என்று ஒன்று இருக்கிறது, அது பொறியியல் கவுன்சிலிங் வழியாக. இரண்டுக்கும் கணிதம் வேண்டும். இரண்டுமே பொறியியல் படிப்புகள், பி.எஸ்சி. வேளாண்மைக்கு மாற்று கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் பணிக்குப் பி.எஸ்சி. வேளாண்மை கேட்பார்கள், வேளாண் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளர் பணிக்கு இந்தப் பொறியியல் பட்டம் கேட்பார்கள். "அக்ரி இஞ்சினியரிங் முடிச்சா ஏ.ஓ. ஆகிடலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மகனைச் சேர்த்துவிட்டு நான்காம் வருடம் என்னிடம் வந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும், அப்போது சொல்ல என்ன இருக்கிறது?

இந்தப் படிப்புக்கான தேவை நம்ம ஊரில் கண்முன்னால் இருக்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது டெல்டா வழக்கம். மெழுகுப் பதம் என்றால் காலை வைத்தால் புதையவும் கூடாது, மண் இறுகியிருக்கவும் கூடாது, குதிகால் தடம் மட்டும் லேசாக விழ வேண்டும். அரிவாளால் அறுத்துக் கட்டுக்கட்டித் தூக்கின காலத்தில், நெல் போனதும் இரண்டு இலை விட்ட பயறு வெயிலைப் பார்த்து எழும்பிவிடும், உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை, பனியிலேயே விளைந்து பங்குனியில் கையில் காசு. இப்போது அறுவடைக்கு ஆள் இல்லை, மிஷின்தான். டயர் வண்டி இறங்கினால் தடம் பள்ளமாகும், செயின் வண்டி இறங்கினால் திரும்புகிற இடத்தில் முளையை அரைத்துவிடும், வைக்கோல் வேறு வரிசையாகக் குவிந்து கீழே உள்ளதை மூடிவிடும். தரிசில் பயறு போடுவதையே பலர் விட்டுவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆடுதுறையும் வம்பன் பயறு ஆராய்ச்சி மையமும் எத்தனை நல்ல உளுந்து ரகம் கொடுத்தாலும், முளையைக் கொல்லாமல் நெல்லை அறுக்கிற வழி வராமல் அது வயலுக்கு வராது. கணிதத்தில் ஆர்வமுள்ள, ஆனால் வயலை விட்டு மனசு வராத பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன், உங்களுக்கான வேலை அங்கே கிடக்கிறது.

கால்நடை மருத்துவத்துக்கு ஒரத்தநாட்டில் கல்லூரி இருக்கிறது, 2012 முதல். ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. மாநில ஒதுக்கீட்டுக்குப் பிளஸ் டூ மதிப்பெண், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நீட். தனி விண்ணப்பம், மறந்துவிடாதீர்கள். நம்ம பக்கத்து மாடு உம்பளச்சேரி, சேற்றில் உழுவதற்கென்றே அமைந்த குட்டையான, கெட்டியான மாடு, இப்போது டிராக்டர் வந்து அதற்கு வேலை இல்லாமல் போய் எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கிறது. கொருக்கை அரசுப் பண்ணையில் அந்த இனத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மீன்வளத்துக்கு நாகப்பட்டினத்தில் பல்கலைக்கழகமே இருக்கிறது, வெட்டாற்றுக் கரையில், அதுவும் 2012-ல் வந்தது. தலைஞாயிறில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி. நான்கு வருடம். இறால் பண்ணை, குளத்து மீன், மீன் பதப்படுத்தல், படகு, வலை எல்லாம் அதில் வரும். நெல் வயல்களுக்கு நடுவே இறால் குட்டை வந்தால் பக்கத்து நிலத்துக்கு உப்பு ஏறுகிறது என்ற சண்டை நாகைப் பக்கம் பல வருடமாக நடக்கிறது, இரண்டு பக்கத்தையும் புரிந்து பேசத் தெரிந்த ஆட்கள் அங்கே ரொம்பத் தேவை.

தோட்டக்கலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெண்களுக்கென்று தனித் தோட்டக்கலைக் கல்லூரி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது, வாழைக்குத் தேசிய ஆராய்ச்சி மையமும் திருச்சியில்தான். நான்கு வருடம் செலவழிக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வருட வேளாண் டிப்ளமோ இருக்கிறது, உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு அதுதான் தகுதி, அதைக் கீழாக நினைக்க ஒன்றுமில்லை. ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்கிறவர்களுக்குக் கோவையில் தமிழ்வழியிலும் பி.எஸ்சி. வேளாண்மை வந்துவிட்டது.

நம்ம மண்ணிலிருந்து வேளாண்மை படித்துப் போன இரண்டு பேரை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்தில் 1925-ல் பிறந்தவர், கோவை வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர், வங்கப் பஞ்சத்தின் செய்திகள் அவரை டாக்டர் படிப்பிலிருந்து வேளாண்மைப் பக்கம் திருப்பின. கோ. நம்மாழ்வார் தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாத இடுபொருளை வைத்து ஆராய்ச்சி செய்கிறோமே என்ற கேள்வியோடு அந்த வேலையை விட்டு வெளியே வந்தவர். ஒருவர் பசுமைப் புரட்சியின் முகம், மற்றவர் அதை வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவர். ஊரில் ஒருவரைத் தூக்கி மற்றவரைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு பேருமே மண்ணியலும் பயிரியலும் முறையாகப் படித்தவர்கள், படித்த பிறகு தங்கள் கண்ணால் பார்த்ததை நம்பியவர்கள். வேளாண்மைப் படிப்பு ஒரே மாதிரி ஆட்களைத்தான் உருவாக்கும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு பேரைத்தான் காட்டுவேன்.

வேலை. இதைச் சொல்லாமல் அக்கா போனை வைக்க விடமாட்டாள். அரசு வேலை இருக்கிறது, ஆனால் வருடத்துக்கு வெளிவருகிற பட்டதாரிகளோடு ஒப்பிட்டால் இடம் கொஞ்சம்தான், அறிவிப்பு எந்த வருடம் வரும் என்று கைநீட்டிச் சொல்ல முடியாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணி ஐ.பி.பி.எஸ். தேர்வு வழியாக வருகிறது, அதற்கு வேளாண்மை மட்டுமில்லாமல் தோட்டக்கலை, மீன்வளம், கால்நடை, வேளாண் பொறியியல் என்று இந்தக் குடும்பத்தில் பல பட்டங்களை ஏற்கிறார்கள், இது பலருக்குத் தெரியாது. விதை, உரம், மருந்து, சொட்டுநீர் கம்பெனிகளில் வேலை சீக்கிரம் கிடைக்கும், சம்பளம் ஆரம்பத்தில் சுமார், மாதத்தில் பாதி நாள் பைக்கில், டார்கெட் தொல்லை உண்டு. பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கு இப்போது படிப்புத் தகுதி கட்டாயம், எனவே சொந்தமாக உரக்கடை வைக்க நினைக்கிறவர்களுக்கும் இந்தப் பட்டம் உதவும். விவசாயிக்குப் பயிர் டாக்டர் என்றால் நடைமுறையில் அந்தக் கடைக்காரர்தான், புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு ஊருக்கே செலவு குறையும். மேலே படித்து ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று ஐந்தாறு வருடம் கூடுதலாக வேண்டும், அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

தனியார் கல்லூரிகளைப் பற்றிக் கேட்பார்கள். நல்லவையும் இருக்கின்றன. சேர்வதற்கு முன் அங்கே நேரில் போய் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வேளாண்மைப் பல்கலைக்கழக இணைப்பும் ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரமும் இருக்கிறதா, மேற்படிப்புக்குப் போகும்போது இதைக் கேட்பார்கள். இன்னொன்று, பண்ணை. சில வருடம் முன்னால் நண்பர் மகனுக்காக ஒரு கல்லூரிக்கு நானும் கூடப் போனேன், கட்டடம் கண்ணைப் பறித்தது, பண்ணையைக் காட்டுங்கள் என்றதும் ஒரு கருவேலங்காட்டைக் காட்டி அடுத்த பருவம் திருத்திவிடுவோம் என்றார்கள். போர்வெல் இல்லை, களம் இல்லை, ஒரு மாடு இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது, வேளாண்மையைக் கரும்பலகையில் மட்டும் படித்த பிள்ளை எந்த வயலில் போய் நிற்கும்? பண்ணை வேலையாட்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள், போன பருவம் என்ன ரகம் போட்டீர்கள், எத்தனை மூட்டை கண்டது என்று கேளுங்கள். அவர்கள் தயங்காமல் சொன்னால் அங்கே விவசாயம் நடக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படித்துவிட்டு விவசாயம் பார்க்கலாமே என்று மேடையில் சொல்வது எளிது. டெல்டாவில் நிலம் எல்லார் கையிலும் இல்லை. கோயில் நிலத்தில், மடத்து நிலத்தில் குத்தகை பார்க்கிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தப் பட்டம் முதலில் ஒரு வேலை, மாதச் சம்பளம், அம்மா சேற்றில் குனிவதை நிறுத்தும் வழி. அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021-ல் சட்டமாக்கியபோது வேளாண்மை, கால்நடை, மீன்வளப் படிப்புகளையும் அதில் சேர்த்தார்கள். கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கள் இதைப் பத்தாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டால், உயிரியல் குரூப் எடுக்க வேண்டிய பிள்ளை சரியாக எடுக்கும். இந்த ஒரு தகவல் போய்ச் சேராமல் நழுவிப் போன பிள்ளைகள் என் ஊரிலேயே இருக்கிறார்கள்.

விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு: பி.எஸ்சி. வேளாண்மைக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூவில் நான்கு பாட மதிப்பெண்ணை 200-க்குச் சுருக்கித் தரவரிசை போடுவார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், சமீப வருடங்களில் மீன்வளப் படிப்புகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். நாட்டின் மற்ற வேளாண் பல்கலைக்கழகங்களுக்குப் போக நினைத்தால் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதன் அறிவிப்பு பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு வெகு முன்பே வந்து முடிந்துவிடும். விருப்ப வரிசையை நிரப்பும்போது முதலில் படிப்பு, அப்புறம் ஊர் என்று போடுங்கள், வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகப் பிடிக்காத படிப்பை மேலே வைக்காதீர்கள்.

அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். விருப்ப வரிசையில் மேலே பி.எஸ்சி. வேளாண்மை, கீழ்வேளூர் முதலில், ஈச்சங்கோட்டை அடுத்தது. கடைமடைப் பிள்ளை, தண்ணீர் வராத கோபம் அவளுக்குள் இருக்கிறது, அதனால் அந்த வரிசையை நான் மாற்றச் சொல்லவில்லை. மூன்றாவது தோட்டக்கலை, திருச்சி. நான்காவதாக என்ன போடலாம் மாமா என்றாள். மீன்வளம் போடலாம், நீச்சல் தெரியுமாம்மா என்று கேட்டேன். பாமணி ஆற்றில் தண்ணீர் வந்த வருடம் கற்றுக்கொண்டேன் என்றாள். சரி என்று அதையும் சேர்த்துவிட்டு, பணம் கட்டி, ரசீதை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து எட்டரை பஸ்ஸுக்கு அனுப்பி வைத்தேன்.